பாப்பா எங்க தூங்கும்னு ஒரு வார்த்தை கேளுங்க: சென்னை டிராவல் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில கப்பல் டூர் புக் பண்ணித் தர்ற டிராவல் ஏஜென்ட் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் பெரம்பூர்ல இருக்கேன். போன மே லீவுல நான், எங்க வீட்டுக்காரர், அத்தை, எங்க பொண்ணு நாலு பேரும் சிங்கப்பூர் போய் அங்க மெரினா பே-ல கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பாத்துட்டு நாலு ராத்திரி கழிச்சுத் திரும்பி வந்தோம். பாப்பாவுக்கு அப்ப ரெண்டு வயசு எட்டு மாசம். புக் பண்ணித் தந்தவரு பேரையோ கப்பல் பேரையோ நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா திரும்பி வந்து நான் விசாரிச்ச வரைக்கும் எங்க சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவங்கன்னு மூணு குடும்பத்துக்கு வேற வேற ஏஜென்ட் கிட்டயும் இதே கதைதான், அதனால ஒருத்தர மட்டும் குத்தம் சொல்லி ஒண்ணும் ஆகப் போறதில்ல, உங்க எல்லாருக்குமே சொல்லணும்னுதான் எழுதறேன்.

புக் பண்றப்ப நீங்க எவ்வளவோ கேக்கறீங்க. பாஸ்போர்ட் ஆறு மாசம் வேலிடா இருக்கா, பிறந்த தேதி என்ன, வெஜ்ஜா நான்வெஜ்ஜா, ஜெயின் சாப்பாடு வேணுமா, ஜன்னல் வச்ச கேபினா பால்கனியா, எல்லாம் கேட்டு வாட்ஸப்ல ஃபார்ம் அனுப்புறீங்க, நல்ல விஷயம்தான். ஆனா அந்த மூணு பக்க ஃபார்ம்ல குழந்தை எங்க தூங்கும்னு ஒரு கேள்வி கிடையாது. நானே போன் பண்ணிக் கேட்டேன், பாப்பாவுக்கு பெட் எப்படி சார்னு. "நாலு பேர் கேபின் மேடம், நாலு பெட் இருக்கும், கவலையே படாதீங்க"ன்னார். அவர் பொய் சொல்லல, உண்மையிலேயே நாலு பெட் இருந்துச்சு. அந்த நாலுல எது யாருக்கு ஆகும்னுதான் யாரும் யோசிக்கல, நானும் அதுக்கு மேல கேக்கல, நாலுன்னு சொன்னதும் சமாதானம் ஆயிட்டேன்.

கேபின் உள்ள போனதும் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா உங்கள்ல நெறைய பேர் போட்டோவுல மட்டும்தான் பாத்திருப்பீங்க. ஜன்னல் இல்லாத உள்பக்கக் கேபின், சுமாரா 160 சதுர அடி. கீழ ரெண்டு சிங்கிள் பெட்டச் சேர்த்துப் போட்டு டபுள் பெட் மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்க. மத்த ரெண்டு பெட்டும் சுவத்தோட சுவரா மடிஞ்சு கிடந்துச்சு, ராத்திரி கேபினப் பாத்துக்கிற ஊழியர், ஸ்டீவர்ட்டுன்னு சொல்வாங்க, வந்து சாவி போட்டுத் திறந்து இறக்கி விடுவார், புல்மேன் பெட்டுன்னு பேரு, நம்ம ரயில்ல அப்பர் பெர்த் மாதிரியேதான், ஏணி போட்டு ஏறணும், ஏறி உக்காந்தா தலை மேல இடிக்கும். அத்தைக்கு முட்டி வலி, வீட்ல மாடிப்படியே ஒவ்வொரு படியா நின்னு நின்னுதான் ஏறுவாங்க, அவங்கள மேல அனுப்ப முடியாது. பாப்பாவ மேல படுக்க வைக்கவே கூடாதுன்னு ஸ்டீவர்டே சொல்லிட்டார். அது சரியான பேச்சுதான், 6 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்கள மேல் பெர்த்ல படுக்க வைக்காதீங்கன்னு அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்கு. ஆக மேல நானும் எங்க வீட்டுக்காரரும், கீழ அத்தையும் பாப்பாவும். அவ பொறந்ததுல இருந்து என் பக்கத்துல இல்லாம தூங்கினதே இல்ல.

பேபி காட் கேட்டோம். கொண்டு வந்து விரிச்சாங்க, வலை போட்ட மடக்குக் கட்டில். பாப்பாவ உள்ள விட்டேன், என்னப் பாத்து சிரிச்சா, ஒரு காலத் தூக்கி மேல் விளிம்புல போட்டா, வயித்த வச்சு அமுக்கி இந்தப் பக்கம் தலைகீழா எறங்கப் பாத்தா, நான் பிடிச்சுட்டேன். அப்பதான் அதோட பக்கத்துல தச்சிருந்த லேபிளப் படிச்சேன். 35 இன்ச் உயரம், 30 பவுண்ட் எடை வரைக்கும்தான், ஏறிக் குதிக்கிற குழந்தையா இருந்தா அதுக்கு முன்னாடியே நிறுத்திடணும்னு போட்டிருந்துச்சு. நம்ம கணக்குல 89 சென்டிமீட்டர், பதிமூணரை கிலோ. எங்க பொண்ணு எடை 13, அது சரி, ஆனா உயரம் 92. சரின்னு அதையும் திருப்பிக் குடுத்தாச்சு.

இங்க ஒரு நிமிஷம் நின்னு அந்தக் கணக்கப் பாருங்க, நான் சொல்ல வர்றதே இதுதான். உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி பாத்தா சராசரியா வளர்ற குழந்தையே ரெண்டே கால், ரெண்டரை வயசுக்குள்ள 89 சென்டிமீட்டரத் தாண்டிடும். மேல் பெர்த் 6 வயசுக்கு அப்புறம். அப்ப ரெண்டரையில இருந்து ஆறு வரைக்கும், மூணரை வருஷம், அந்தக் குழந்தைக்குன்னு அந்தக் கேபின்ல படுக்கையே கிடையாது. காசு மட்டும் உண்டு. ஆள் கணக்குல அவளையும் சேர்த்துதான் நாலு பேர் கேபின், அவளுக்கும் டிக்கெட், அவளுக்கும் போர்ட் சார்ஜ். நம்ம குடும்பங்கள் கப்பல் போறதே பெரும்பாலும் இந்த வயசுக் குழந்தையோடதான், ஸ்கூல்ல சேர்த்துட்டா லீவு கிடைக்காது அதுக்கு முன்னாடி ஒரு டூர் போயிட்டு வந்துடுவோம்னு கிளம்பறவங்கதான் அதிகம், அதுலயும் பாட்டியோ தாத்தாவோ கூட வருவாங்க. அந்தக் குடும்பத்துக்கு மேல ரெண்டு கீழ ரெண்டு இருக்கிற கேபினக் குடுத்தா கடைசியில பெத்தவங்க மேல போயிடறாங்க, குழந்தை கீழ ஓரத்துல கிடக்குது.

முதல் ராத்திரி. சிங்கப்பூர் நேரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்க ஒம்பது மணிங்கிறது அவ உடம்புக்கு சாயங்காலம் ஆறரை. பன்னெண்டு மணி வரைக்கும் தூங்கல. ஜன்னல் இல்லாத கேபின்ல லைட்ட அணைச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா, நம்ம வீட்ல கரண்ட் போனாக்கூட அப்படி ஒரு இருட்டு வராது, கைய மூஞ்சிக்கு நேரா வச்சா தெரியாது. அவ பயந்து அழுதா. பாத்ரூம் லைட்டப் போட்டுக் கதவ லேசா திறந்து வச்சோம், அத்தை தட்டிக் குடுத்துத் தூங்க வச்சாங்க, சுவத்துப் பக்கம் படுக்க வச்சிருக்கலாம், ஆனா அந்த பெட் சுவத்த ஒட்டி இல்ல, ரெண்டு பக்கமும் சின்ன மேஜை வச்சு நடுவுல போட்டிருந்தாங்க, எந்தப் பக்கம் படுத்தாலும் அது ஓரம்தான். அவ ஓரமா தலகாணி ரெண்டு அடுக்கிட்டு நான் மேல ஏறிப் படுத்தேன். பாத்ரூம் கதவு எப்ப தானா சாத்திக்கிச்சுன்னு தெரியல.

எத்தன மணின்னு தெரியல, தொம்முனு ஒரு சத்தம். ஒரு விநாடி ஒண்ணுமே இல்ல. அப்புறம் அவ அழுக ஆரம்பிச்சா. நான் எந்திரிச்சேன், தலை மேல இடிச்சுச்சு, காலக் கீழ விட்டுத் துழாவறேன், ஏணி எந்தப் பக்கம்னு தெரியல. இருட்டு. அத்தை கீழ "கண்ணு, கண்ணு எங்கம்மா இருக்க"ன்னு தடவிட்டு இருக்காங்க, அவ பெட்டுக்கும் மேஜைக்கும் நடுவுல விழுந்து கிடக்கா, அம்மான்னு கத்தறா, நான் அஞ்சடி உயரத்துல தொங்கிட்டு இருக்கேன், எறங்க முடியல. எங்க வீட்டுக்காரர் போன் லைட்டப் போட்டதுக்கு அப்புறம்தான் ஏணியோட முதல் படி கண்ணுல பட்டுச்சு. மொத்தமே அர நிமிஷம் இருக்கும். அவ அம்மான்னு கூப்பிட்டு அர நிமிஷம் நான் போகல, அத என்னால இன்னிக்கும் மறக்க முடியல.

நெத்தியில பட்டாணி சைஸ்ல ஆரம்பிச்சு எலுமிச்சம்பழ சைஸுக்கு வீங்குச்சு. போன் பண்ணதும் ஐஸ் கொண்டு வந்து குடுத்தாங்க. வாந்தி எடுக்கிறாளா, மயங்கறாளான்னு பாத்துட்டு விடியற வரைக்கும் மடியிலயே வச்சிருந்தேன். கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. கடல் அன்னிக்குத் தொட்டில் மாதிரிகூட ஆடல, மலாக்கா ஜலசந்தி பெரும்பாலும் அமைதியாத்தான் இருக்கும்னு அப்புறம் சொன்னாங்க, அதனால கப்பல் ஆடி விழுந்துட்டான்னு யாரும் சொல்ல வேணாம். அவ எப்பவும் உருள்ற மாதிரி உருண்டா, அவ்வளவுதான்.

"பக்கத்துல படுக்க வச்சுக்க வேண்டியதுதானே, நம்மூர்ல எல்லாரும் அப்படித்தானே"ன்னு நான் திரும்பி வந்து போன் பண்ணப்போ எங்க ஏஜென்ட் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆமா, நம்ம வீட்ல குழந்தை நடுவுலதான் படுக்கும். ஆனா எங்க படுக்குதுன்னு பாருங்க. எங்க வீட்ல கட்டிலே ஏத்தறதில்ல, தரையில பாய், பாய் மேல இலவம்பஞ்சு மெத்தை, ராத்திரி உருண்டு உருண்டு காலையில டிவி ஸ்டாண்ட் கிட்ட கிடப்பா, எடுத்துட்டு வந்து போடுவோம், தரையில இருக்கிறவ எங்க விழப் போறா. இன்னும் சின்ன வயசுல தூளி. கப்பல் பெட் அப்படி இல்ல, சூட்கேஸெல்லாம் அடியில தள்றதுக்காகவே உயரமா போட்டிருப்பாங்க, பெரிய பெட்டி நிமிர்ந்து உள்ள போகாட்டியும் படுக்க வச்சா தாராளமா போகும், அவ்வளவு உயரம். ரெண்டு சிங்கிள் மெத்தையச் சேர்த்துப் போட்டதால நடுவுல வேற ஒரு இடுக்கு, அத்தை அவள நடுவுல விட்டா கால் அதுல போகுதுன்னுதான் ஓரத்துக்கு நகர்த்தினாங்க. பழக்கம் நம்மளுது, ஆனா பெட் நம்மளுது இல்ல. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையா இருந்தா பெரியவங்க மெத்தையில கனமான போர்வைக்கு நடுவுல போடறது இன்னும் ஆபத்து, தனியா, சமமா, கெட்டியான மெத்தையில மல்லாக்கப் படுக்க வைங்க, தலகாணி போர்வை எதுவும் வேணாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தெளிவா சொல்லுது, அந்த வயசுக்கு பேபி காட் கண்டிப்பா வேணும்.

மறுநாள் எங்க ஸ்டீவர்ட் செஞ்சத நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். இந்தோனேசியாக்காரர், நடு வயசு, அவருக்கும் ஊர்ல ரெண்டு குழந்தைங்களாம். நெத்தியப் பாத்தார், ஒண்ணும் பேசல, போயிட்டு மேலதிகாரியக் கூட்டிட்டு வந்தார். வழி அடைக்கக்கூடாது, அவசரத்துல வெளிய ஓடறதுக்கு கேபின் கதவு வரைக்கும் எடம் இருக்கணும்னு ரூலாம், அளந்து பாத்தாங்க. அப்புறம் மேஜைங்கள நகர்த்தி, ஒரு பெட்ட சுவத்தோட இடுக்கு இல்லாம ஒட்டிப் போட்டு, மேல என் பெர்த்ல இருந்த மெத்தைய எடுத்து அதுக்குப் பக்கத்துலயே தரையில விரிச்சு, ரெண்டு கம்பளிய இறுக்கமா சுருட்டி மெத்தை விரிப்புக்கு அடியில ஓரமா செருகி ஒரு வரப்பு மாதிரி கட்டிக் குடுத்தார். ராத்திரி விரிப்பார், காலையில எடுத்து மாட்டிடுவார். கப்பலோட முன்பக்கத்த காட்டுற கேமரா டிவியில ஒரு சேனல்ல ஓடும், சத்தத்தக் குறைச்சு அதப் போட்டு விடுங்க, இருட்டு இருக்காது, விடியறப்ப அதுலயே வெளிச்சம் தெரியும்னு சொல்லிக் குடுத்ததும் அவர்தான். அன்னிக்கு நானும் அவளும் தரையில படுத்தோம். என் கைய இழுத்துக் கன்னத்துக்கு அடியில வச்சுக்கிட்டு எட்டரை மணி நேரம் தூங்கினா.

பாருங்க, எடமும் இருந்துச்சு, மெத்தையும் இருந்துச்சு, மனசும் இருந்துச்சு. முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா முதல் ராத்திரியே செஞ்சிருப்பாங்க. எல்லாக் கப்பல்லயும் தரையில விரிக்க விடுவாங்கன்னு இல்ல, அதுக்காகத்தான் முன்னாடியே கேக்கணும்ங்கிறேன்.

இன்னொண்ணு. கப்பல் ஏறின அன்னிக்கு சாயங்காலமே பாப்பாவுக்குன்னு சைஸ் பாத்து லைஃப் ஜாக்கெட் கேபினுக்கே வந்துடுச்சு. அது சும்மா இல்ல, 1912ல டைட்டானிக் முழுகினதுக்கு அப்புறம் 1914ல முதல்ல போட்ட சோலாஸ்ங்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கு, அதோட இன்னிக்கு விதிப்படி 24 மணி நேரத்துக்கு மேல போற பயணிகள் கப்பல்ல ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒண்ணுன்னு ஜாக்கெட் இருந்தே ஆகணும், அதுல 15 கிலோவுக்குக் கீழ இருக்கிற எங்க பொண்ணும் சேர்த்தி. முழுகினா என்ன பண்றதுன்னு அவளோட எடைய வச்சு ஒரு கணக்கு இருக்கு. தினம் ராத்திரி எங்க படுப்பான்னு கணக்கு இல்ல. ஜாக்கெட்டுக்குக் கேக்கிற அதே எடை உயரத்த பெட்டுக்கும் கேட்டா என்ன, கப்பல் கம்பெனிகிட்ட நீங்கதான் கேக்க முடியும், வருஷத்துக்கு எத்தனையோ குடும்பத்த ஏத்தி விடறவங்க நீங்க, நான் மெயில் போட்டேன், நன்றின்னு ஒரு பதில் வந்துச்சு.

எங்க மாமா ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப் தொழிற்சாலையில வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். இந்தக் கதையக் கேட்டதும், 2022ல லக்னோ மெயில்ல லோயர் பெர்த்தோட மடக்குற மாதிரி குழந்தை பெர்த் ஒண்ண மாட்டிப் பாத்தாங்கம்மா, உருளாம இருக்கத் தடுப்பெல்லாம் வச்சுன்னு சொன்னார். அது ரெண்டே பெர்த்ல சோதனைக்கு வச்சதுதான், ஆனா ஒருத்தர் அந்தத் தாயையும் குழந்தையையும் நெனச்சுப் பாத்திருக்கார் இல்ல. ஃபிளைட்ல முன் வரிசை சீட்டுக்கு எதிர்ச் சுவத்துல கைக்குழந்தைக்கு பேசினெட்டுன்னு ஒரு குட்டித் தொட்டில் மாட்டித் தர்றாங்க, நீங்களே புக் பண்றப்ப ஏர்லைன்ஸ்கிட்ட கேட்டு வாங்கித் தர்றீங்க. கப்பலுக்கு மட்டும் ஏன் கேக்கறதில்ல?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஃபார்ம்ல பிறந்த தேதிக்குப் பக்கத்துல குழந்தையோட உயரம், எடை, கட்டில் ஏறிக் குதிக்குமான்னு மூணு கட்டம் சேருங்க. 89 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா பேபி காட் வேணும்னு புக்கிங் அன்னிக்கே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க, கப்பல்ல அது எண்ணிக்கையிலதான் வச்சிருப்பாங்க, ஏறினதுக்கு அப்புறம் கேட்டா தீர்ந்து போயிருக்கலாம், எங்களுக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம். அதத் தாண்டின குழந்தைன்னா மேல் பெர்த் வச்ச கேபினக் குடுக்காதீங்க, சோஃபா பெட் இருக்கிற கேபினாப் பாருங்க, அது தாழ்வா இருக்கும், குழந்தைய அதுல விட்டு பெத்தவங்க கையெட்டுற தூரத்துல படுத்துக்கலாம். காசு கொஞ்சம் கூட ஆகும்னா ஆகும்னு சொல்லுங்க, நாங்க முடிவு பண்ணிக்கிறோம், தெரியாம போய் மாட்டறதுக்கு அது மேல். பாட்டி தாத்தா கூட வர்றாங்கன்னா நடுவுல கதவு இருக்கிற ரெண்டு கேபினோட விலையையும் ஒரு தடவ சொல்லிடுங்க. பெட்டோட ஓரத்துல மாட்டுற பெட் ரெயில் இருக்கு, ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசுக் குழந்தைங்களுக்குன்னே செய்யறது, அத கப்பல்ல தருவாங்களா, நாங்க எடுத்துட்டு வந்தா அந்த மெத்தைக்கு இடுக்கு விடாம பொருந்துமான்னு கேட்டுச் சொல்லுங்க, சரியா பொருந்தலன்னா குழந்தை நடுவுல மாட்டிக்கும், அதனால தோராயமா சொல்லிடாதீங்க. ரெண்டு பெட்டையும் பிரிச்சு சுவத்தோட போட முடியுமாங்கிறதும் கேபினுக்குக் கேபின் மாறும்.

போட்டோ அனுப்புறப்ப பெட் மடிச்சு வச்ச பகல் போட்டோவ மட்டும் அனுப்பாதீங்க. ராத்திரி எல்லா பெட்டும் விரிச்சா அந்தக் கேபின் எப்படி இருக்கும்னு ஒரு போட்டோ அனுப்புங்க. அது ஒண்ணே போதும், எந்த அம்மாவும் பாத்ததும் கேப்பா.

2022 ஜூன்ல நம்ம சென்னை துறைமுகத்துல இருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பினதுக்கு அப்புறம், கப்பல் டூருன்னா வெளிநாட்டுக்காரங்க விஷயம்ங்கிற பேச்சே போயிடுச்சு, எங்க தெருவுலயே ரெண்டு வீட்ல போயிட்டு வந்துட்டாங்க. அந்தக் கேபின்ல ஏறறதுக்கு முன்னாடி அந்த வீட்டுப் பெண்கள் பேசறது உங்ககிட்ட மட்டும்தான்.

எங்க அத்தை இன்னொரு தடவ போகணும்னு ஆசப்படறாங்க, கப்பல் மேல் தளத்துல காலையில உக்காந்து காபி குடிச்சது அவங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. டிசம்பர் லீவுக்கு விசாரிக்க உங்கள்ல யார்கிட்டயாவது வருவேன். பாப்பாவ நேத்து கதவு நிலையில நிக்க வச்சுப் பென்சில்ல கோடு போட்டேன், 96 சென்டிமீட்டர். குறிச்சுக்கோங்க.

இப்படிக்கு,
பெரம்பூர்ல இருந்து ஒரு அம்மா